மிளகாய்க் களத்தில் சாம்பல்

பசுமை மின்சாரமாம்! அந்தப் பெயரை வைத்த மகராசனை ஒரு நாள் எங்கள் மிளகாய்க் களத்தில் நிற்க வைக்க வேண்டும். காயப்போட்ட முண்டு மிளகாய் மேல் விடிவதற்குள் விறகு எரிக்கும் மின் ஆலையின் சாம்பல் படிந்து கிடக்கிறது. காம்படிச் சுருக்கத்தில் ஏறிவிட்டால் துணியால் துடைத்தாலும் போகாது. கழுவினாலோ பூஞ்சணம் பிடிக்கும். ராமநாதபுரம் முண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்தார்கள். வியாபாரி சாக்குக்குள் கைவிட்டுப் பார்த்து, “என்னண்ணே, ஒரே தூசியா இருக்கு” என்று விலையைக் குறைக்கிறார். குறியீட்டை வைத்து நாங்கள் என்ன செய்ய?

சீமைக்கருவேலத்தைத்தானே எரிக்கிறார்கள் என்பீர்கள். கண்மாயையும் வரத்துக்காலையும் விழுங்கிய அந்தச் சனியன் மேல் எங்களுக்கென்ன பாசம்? 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது கும்பிட்டவர்கள் நாங்கள். ஆனால் ஆலைக்கு வேண்டியது விறகு. தூரை விட்டுவிட்டு மேலே வெட்டி ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஒரு மழைக்கே நாலாபக்கமும் தளிர் வெடிக்கிறது. மரம் அடியோடு ஒழிந்தால் அவர்கள் கொதிகலனுக்கு எதைப் போடுவார்கள்? 10 மெகாவாட் ஆலைக்கு நாளொன்றுக்கு 250, 300 டன் வேண்டுமே! கண்மாய் மர ஏலத்தை மொத்தமாக எடுப்பவர் விறகை ஆலைக்கே தள்ளிவிடுகிறார். கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள்.

தண்ணீரைப் பற்றிப் பேசினால் வயிறு எரிகிறது. குடத்துக்குக் காசு கொடுக்கிற ஊரில், நீராவியைக் குளிர்விக்க ராப்பகலாக ஆழ்துளைக் கிணறு ஓடுகிறது.

புகைக்கூண்டு வாயில் அளந்தால், ஒரு யூனிட்டுக்கு விறகு கக்கும் கரியமில வாயு நிலக்கரிக்குக் குறைந்ததல்ல. மரம் திரும்ப வளர்ந்து உறிஞ்சிக்கொள்ளும் என்று கணக்கை நேர் செய்துவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளின் இருமல் அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது?

யாரிடம் முறையிட? 15 மெகாவாட் வரையிலான இத்தகைய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை என்று மத்திய அரசே விலக்கு கொடுத்திருக்கிறது. அதனால் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே புகைக்கூண்டு எழும்பிவிட்டது.

மனு கொடுத்தால் அதிகாரிகள் வருகிறார்கள். பட்டப்பகலில், முன்கூட்டியே சொல்லிவிட்டு. அன்றைக்கு மட்டும் புகையே தெரியாது. சாம்பலைப் பிடிக்கும் வடிகட்டி இருட்டிய பிறகு ஓடுகிறதா என்று யார் பார்த்தது? ஐயா, சொல்லாமல் வாருங்கள். பங்குனியில், மிளகாய் காயும் நாளில், ராத்திரி இரண்டு மணிக்கு வாருங்கள்.