விடியறதுக்குள்ள போயிடலாமா?

"ராத்திரி கிளம்புப்பா. ரோடு காலியா இருக்கும், வெயில் கிடையாது, குழந்தைங்க தூங்கிடும். விடியறதுக்குள்ள போயிடலாம்." புதிதாக லைசென்ஸ் எடுத்து, முதல் முறை சென்னையிலிருந்து ஊருக்குக் காரில் போகிறவருக்குக் கிடைக்கும் அறிவுரை இதுதான். சித்தப்பா சொல்வார், மச்சான் சொல்வார், ஆபீஸில் பக்கத்து சீட்காரர் சொல்வார். எல்லோரும் நல்லது நினைத்தே சொல்கிறார்கள். ஓட்டப் பழகுகிறவருக்கு இதைவிட மோசமான யோசனை எனக்குத் தெரிந்து இல்லை.

காலை 6 மணிக்கு எழுந்தவர் வேலைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, பையைக் கட்டித் தாம்பரத்தைத் தாண்டும்போது இரவு 11 ஆகிவிடும். விழித்து 17 மணி நேரம். இந்த நிலையை ஆஸ்திரேலியாவில் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இருவர் சோதித்து 1997-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 17 மணி நேரம் தூங்காதவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் ஏறியவருடையதைப் போலத் தடுமாறுகின்றன. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு வைத்திருக்கும் வரம்போ 0.03 சதவீதம்தான். ஆக, ஒரு சொட்டுக் குடிக்காதவர் மதுராந்தகம் வந்து சேரும்போது, போதையில் ஓட்டியதாகக் கேஸில் மாட்டக்கூடியவரின் நிலையில் இருக்கிறார். ஊதச் சொன்னால் கருவிக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்தது, 'ரோடு காலி'. மதுராந்தகம் பக்கத்து ஜி.எஸ்.டி. சாலை ராத்திரியில் காலியாகத் தெரிவதற்குக் காரணம் இருட்டு. படாளத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு அரவையும் பொங்கலுக்கு ஊர் போகும் கூட்டமும் ஒரே பருவத்தில் வருகின்றன. டிராக்டர் டிரெய்லருக்குச் சிவப்பு விளக்கு இருந்தாலும், பின்னால் பிதுங்கித் தொங்கும் கரும்பு அதை மூடிவிடும். அச்சிறுபாக்கம் வரை போனால் டீக்கடை ஓரம் விளக்கில்லாமல் நிற்கும் லாரி. மேல்மருவத்தூரில் விடியலுக்கு முன்பே சாலையைக் கடக்கும் செவ்வாடை பக்தர்கள்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. லாரி கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி. அதற்குள் 42 மீட்டர் போய்விட்டது. பிறகு, நல்ல டயரும் காய்ந்த தாரும் இருந்தாலும், நிற்க இன்னொரு 55 மீட்டர். லோ பீம் தெளிவாகக் காட்டுவது ஏறக்குறைய 50 மீட்டர்தான். பிரேக்கில் கால் பட்டு எட்டாவது மீட்டரில் லாரியின் பின்பலகை. மணிக்கு 60-இல் போனால் மொத்தமும் 45 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஹை பீம் போடலாமே என்பார்கள். நடுவே அரளிச்செடி இல்லாத இடங்களில் எதிரே வருபவரும் அதையே போட்டால், இருவருக்கும் சில நொடி கண் தெரியாது.

ராத்திரிப் பயணத்தின் பெரிய லாபம் வேகம் என்கிறார்கள். அந்த வேகத்துக்கு விளக்கே இடம் கொடுக்கவில்லை.

"ஆம்னி பஸ்காரங்க தினம் ஓட்டலையா?" ஓட்டுகிறார்கள், பகலில் தூங்கிவிட்டு. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அவர்களுக்கு நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று விதித்திருந்தது (எத்தனை முதலாளிகள் மதித்தார்கள் என்பது தனிக் கதை). நம் புதியவரோ டிரைவிங் ஸ்கூலில் பழகியது காலையில், ஆர்.டி.ஓ. முன் எட்டு போட்டது பகலில். இருட்டில் அவரை யாரும் சோதித்ததே இல்லை. நியூசிலாந்து 1987-இலேயே இதை யோசித்துவிட்டது. அங்கே புதியவர் இரவு 10 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக் கூடாது.

பண்டிகைப் பகலில் பரனூர் டோல்கேட்டில் வண்டிகள் ஊர்வது உண்மை, எரிச்சலும் உண்மை. ஆனால் ஊர்கிற வண்டியில் நசுங்குவது பெரும்பாலும் பம்பர்.

ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்தரைக்குக் கிளம்பட்டும். வழியில் எப்போது கண் சொருகினாலும், கடந்து வந்த ஊர் நினைவில் இல்லாமல் போனாலும், பெட்ரோல் பங்கில் ஒதுங்கி ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் தூங்க வேண்டும். காபி வேலை செய்ய அவ்வளவு நேரம் பிடிக்கும். கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடச் சமாளிப்பு.

ஊரில் இறங்கியதும் மாமா கேட்பார், "எவ்வளவு நேரத்துல வந்தே?" திருச்சிக்கு நாலு மணி நேரம் என்றால் முதுகில் தட்டுவார். தூரம் சுமார் 320 கி.மீ. டீக்கும் டோல்கேட்டுக்கும் நின்ற நேரத்தைக் கழித்தால், பையன் வழியில் பல இடங்களில் 100-ஐத் தாண்டி மிதித்திருக்கிறான், விளக்கு எட்டாத தூரத்துக்குள். மாமா அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தாலே போதும்.