பேசாமல் இருக்கப் பழகிய வீடுகள்: கொழும்புத் தமிழர்களின் மனநலம்

2025 ஏப்ரல் மாத இறுதியில் கொட்டாஞ்சேனையில் பாடசாலை மாணவி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மே மாதத்தில் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் மக்கள் பதாகைகளுடன் வீதிக்கு வந்தார்கள். பாராளுமன்றத்திலும் அது பேசப்பட்டது. அந்தச் சம்பவத்தில் யார் மீது தவறு என்பதை விசாரணைகள் சொல்லட்டும். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிப் படிக்கட்டில் நின்று ஓர் அன்ரி சொன்ன வார்த்தைதான் என்னை இதை எழுதவைக்கிறது. "என்ர பிள்ளைக்கு ஏதும் நடந்தால் என்னட்ட வந்து சொல்லுவாளோ எண்டு யோசிச்சுப் பார்த்தன். தெரியேல்ல."

அங்கு நின்ற ஏழெட்டுப் பெற்றோரில் ஒருவரும் "என்ர பிள்ளை சொல்லுவான்" என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இதைக் கைத்தொலைபேசியின் குற்றம், இந்தத் தலைமுறையின் குற்றம் என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நகரத்தில் பேசாமல் இருக்கப் பிள்ளைகளுக்கு முன்னரே நாங்கள் பழகிவிட்டோம். 1983 ஜூலைக்குப் பிறகு பஸ்ஸில் தமிழில் பேசும்போது குரல் தானாகவே தாழ்ந்தது. பிறகு பொலிஸ் பதிவு, இரவுச் சோதனை, எந்த ஊர், ஏன் வந்தாய் என்ற கேள்விகள். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் குறைவாக. 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த வாரம் எங்கள் வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்திருந்தோம்.

அந்த வருடங்களை ஒட்டிப் பிறந்த பிள்ளைகள்தான் அண்மையில் சாதாரண தரம் எழுதியவர்களும் இப்போது உயர்தரம் படிப்பவர்களும். சோதனைச் சாவடியை அவர்களுக்குத் தெரியாது. அது எங்களிடம் விட்டுச் சென்ற பழக்கத்தோடுதான் வளர்ந்தார்கள்.

போர் முடிந்த சில மாதங்களில் யாழ். மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. பதற்றக் குறிகள் 32.6 வீதத்தினரிடமும், மனச்சோர்வுக் குறிகள் 22.2 வீதத்தினரிடமும் இருந்தன. நாங்கள் உடனே நினைக்கும் போர் அதிர்ச்சிக்குப் பிந்திய நெருக்கீடு 7 வீதம்தான். அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் இவை எல்லாமே அதிகம். குண்டுச் சத்தம் நின்ற பிறகும் வீடில்லாமை, வேலையில்லாமை, காணாமல்போனவர் பற்றிய காத்திருப்பு நிற்கவில்லை என்றே இதை நான் வாசிக்கிறேன். போரின் காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே பிடிக்கிறது என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்ட காலமாக எழுதிவருகிறார். அந்தக் குடும்பங்களில் பல இப்போது கொழும்பில் வாடகை வீடுகளில் இருக்கின்றன.

கடந்த வருடம், வன்னியிலிருந்து வந்து எங்கள் வீதியில் குடியிருக்கும் ஓர் அம்மாவோடு ஓர் அரச வைத்தியசாலையின் கிளினிக்குக்குத் துணைக்குப் போனேன். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. நான் துண்டுக்கு வரிசையில் நின்ற நேரத்தில் அவருடைய மகன்தான் உள்ளே மொழிபெயர்த்தான். பதினைந்து வயது, பாடசாலைச் சீருடையுடன் வந்திருந்தான்.

"பெருமூச்சாய் வருது, நெஞ்சுக்குள்ள கல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு" என்று அம்மா சொல்லியிருக்கிறார். மூச்சு எடுக்கக் கஷ்டமாம், நெஞ்சு வலியாம் என்று மகன் சிங்களத்தில் சொன்னான். வைத்தியர் ஈ.சி.ஜி.க்கு எழுதிக்கொடுத்தார். பையனைக் குறை சொல்ல முடியாது, வைத்தியரையும்கூட. வெளியே வாங்கிலில் அறுபது பேர் இருந்தார்கள். பெருமூச்சு என்றால் எங்கள் பெண்களிடம் என்ன அர்த்தம் என்பதை எந்தப் பாடசாலை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது?

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டபோது அம்மா மகனைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாராம். திரும்பி வரும் வழியில், மகன் முன்னால் நடக்க, என்னிடம் சொன்னார். 2009 மே மாதத்தில் வழியில் விட்டுவந்த ஓர் உறவைப் பற்றியது அது. மகனுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் இத்தனை வருடமும் இருந்திருக்கிறார். அவன் வாயால் அதை வைத்தியருக்கு எப்படிச் சொல்விப்பார்?

1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தலைநகரத்தின் ஒரு மனநல கிளினிக்கில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்து மொழிபெயர்க்கிறது. பல் பிடுங்கவென்றால் சைகையிலும் சமாளிக்கலாம். மனநோய்க்கு வைத்தியரின் பரிசோதனையே பேச்சுத்தான். ஒவ்வொரு கிளினிக்கிலும் வெளியாளான, பயிற்சி பெற்ற ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கவேண்டும். எங்கள் தமிழ் எம்.பி.க்கள் மாணவியின் இறப்பைப் பற்றிச் சபையில் எழுந்து பேசினார்கள், நல்லது. இந்தச் சின்ன நியமனங்களுக்கும் எழுந்து நிற்கலாம்.

பாடசாலையில் மொழிப் பிரச்சினை இல்லை, வேறு பிரச்சினை இருக்கிறது. ஆலோசனை வழங்கும் ஆசிரியர், பெரும்பாலும், அதே பிள்ளைக்குப் பாடமும் நடத்துபவர். அதிபரின் கீழ் வேலை செய்பவர். ஓர் ஆசிரியரைப் பற்றி முறையிட வேண்டிய பிள்ளை, அவரோடு ஒரே அறையில் தேநீர் குடிக்கும் இன்னோர் ஆசிரியரிடம் எப்படிப் போகும்? பின்னேரம் டியூஷன். வெள்ளவத்தையில் அதற்கான காசு பல வீடுகளில் ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறது. புள்ளிகள் வட்ஸ்அப்பில் மாமாவுக்குப் போகின்றன. சாதாரண தரத்தில் ஒரு 'சி' வந்தால் மூன்று நாடுகளுக்குப் பதில் சொல்லவேண்டும்.

கொட்டாஞ்சேனை வேறு மாதிரி. அங்கே பல தலைமுறையாக இருப்பவர்களும் மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்தவர்களும் நெருக்கமான ஒற்றை அறைகளில் வாழ்கிறார்கள். 2022 நெருக்கடியில் விழுந்த நாட்கூலிக் குடும்பங்கள் இன்னும் எழும்பவில்லை. அழவேண்டுமென்றால் குளியலறைதான், அதுவும் பொதுவாக இருந்தால் வெளியில் யாராவது தட்டுவார்கள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: அங்கே அடுத்த வீட்டுக்காரி கதவைத் தட்டி "என்ன பிள்ளை?" என்று கேட்கிறாள். எங்கள் தொடர்மாடிகளில் இரும்புக் கதவு.

இரண்டு இடத்திலும் பொதுவாக இருப்பது 'அங்கொட' என்ற சொல். அங்குள்ள வைத்தியசாலைக்குத் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாற்றி வருடங்களாகிவிட்டன. வசைச் சொல் மாறவில்லை. நாட்டின் மனநோய்ச் சட்டமும் 1873 ஆம் ஆண்டுக்குரியதுதான். கிளினிக் கொப்பியைப் பெண் பார்க்க வருபவர்கள் கண்டுவிடுவார்கள் என்று ஒளித்துவைக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். மருந்தை இடையில் நிறுத்துவதற்கு விலையைவிட அந்தப் பயமே பெரிய காரணம் என்பது நான் கண்டது.

அந்த நிறுவகத்தின் 1926 என்ற உதவி இலக்கத்தை 24 மணி நேரமும் அழைக்கலாம். மனம் தாங்காமல் இருப்பவர்கள், அல்லது வீட்டில் அப்படி ஒருவர் இருப்பவர்கள், தாமதிக்காமல் அழையுங்கள். இலக்கத்தை எழுதி எங்கள் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினேன். இரண்டு நாளில் யாரோ கிழித்துவிட்டார்கள். "வீடு வாடகைக்குப் பார்க்க வாற ஆக்கள் என்ன நினைப்பினம்" என்று மேல்மாடிக்காரர் விளக்கம் சொன்னார். திரும்பவும் ஒட்டியிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. இந்த முறை உள்ளே நான் போகிறேன். பையனுக்கு அன்று கணிதப் பரீட்சை.