கண்ணுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் காவல் வைட்டமின் ஏ!

பொழுது சாய்ந்ததும் குழந்தை தட்டுத் தடுமாறி நடந்தால், "மாலைக்கண்ணா இருக்கும், முருங்கைக்கீரை கொடு" என்று சொல்லாத பாட்டி இல்லை. வைட்டமின் ஏ குறைந்தால் பார்வை கெடும் என்பது ஊரறிந்த சேதி. ஆனால், அந்தக் குறைபாடு குழந்தையின் உயிரையே பறிக்கக்கூடும் என்று கணக்கோடு காட்டியதில் மதுரைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர், மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா.

கீரையே மருந்து

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1970-களில் மதுரை அரசு மருத்துவமனைக்கு, சத்துக்குறைவால் கருவிழி கரைந்த நிலையில் பல குழந்தைகள் வந்தார்கள். பின்னாளில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ.வெங்கடசாமி அப்போது அங்கே பணியாற்றினார். சொட்டு மருந்து மட்டும் போதாது என்று உணர்ந்த அவரும் சக மருத்துவர்களும் ஓர் ஊட்டச்சத்து மையத்தை நடத்தினார்கள். குழந்தையோடு தாயும் அங்கே தங்குவார். உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் கீரை, பருப்பில் சத்தாகச் சமைக்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவார். இந்த முயற்சிக்குத் துணைநின்றவர்களில் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானி ஆன்ட்வானெட் பிரி. மையத்தின் அனுபவம் 1976-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது.

வாரம் ஒருமுறை, வீடு தேடி...

1986-ல் இந்தோனேசியாவிலிருந்து ஒரு தகவல் வந்தது. வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில் குழந்தைகள் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பலர் நம்பவில்லை. ஹைதராபாத் அருகே நடந்த ஆய்விலோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் கொடுத்தும் பலன் தெரியவில்லை.

டாக்டர் லட்சுமியின் குழு வேறு வழியில் போனது. திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் பள்ளி வயதை எட்டாத 15,419 குழந்தைகளைச் சேர்த்தார்கள். வாரந்தோறும் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்றார்கள். ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஏ-யும் ஈ-யும். மற்றொரு பிரிவுக்கு வைட்டமின் ஈ மட்டும். யாருக்கு எது என்று கொடுத்தவர்களுக்கே தெரியாது. வைட்டமின் ஏ-யின் அளவு வெறும் 2,500 மைக்ரோகிராம். சாப்பாட்டிலேயே கிடைக்கக்கூடிய, ஏறக்குறைய ஒரு வாரத் தேவை அது.

ஓராண்டு முடிவில், வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவிகிதம் குறைந்திருந்தது! மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், நாள்பட்ட சத்துக்குறைவு உள்ளவர்களுக்கும்தான் அதிகப் பலன். 1990-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதை வெளியிட்டது. இன்னொன்றும் தெரிந்தது: வயிற்றுப்போக்கும் சளியும் வருவது குறையவில்லை, வந்த நோயிலிருந்து பிழைத்துக்கொண்டவர்கள்தான் கூடினார்கள்.

ஹார்மோன் போல ஒரு வேலை

ஒரு வைட்டமினுக்கு எப்படி இவ்வளவு சக்தி? குடல், மூச்சுக்குழாய், கண் ஆகியவற்றின் உள்தோலை உறுதியாக வைத்திருப்பது வைட்டமின் ஏ. அது உடலுக்குள் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, செல்லின் உட்கருவுக்குள் போய் எந்த மரபணு வேலை செய்யவேண்டும் என்று உத்தரவு போடுகிறது. அது போய் ஒட்டும் ஏற்பியை 1987-ல் கண்டுபிடித்தபோது, தைராய்டு ஹார்மோனின் ஏற்பியும் அதே குடும்பம் என்பது தெரிந்தது. உணவாக வந்து ஹார்மோன் போல வேலை செய்கிறது!

பிறந்த குழந்தைக்கும் கொடுக்கலாமா?

அடுத்து, மதுரையை ஒட்டிய நத்தம், காரியாபட்டி வட்டாரங்களில் பிறந்த குழந்தைகளுக்கு முதல் இரண்டு நாள்களில் வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தது இதே குழு. 11,619 குழந்தைகள். ஆறு மாதத்துக்குள் இறப்பது 22 சதவிகிதம் குறைந்தது என்று 2003-ல் அறிவித்தார்கள். ஆனால், பின்னர் ஹரியானாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகள் அந்தப் பலனை உறுதிசெய்யவில்லை. எனவே, பிறந்தவுடன் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. குறைபாடு எங்கே அதிகமோ அங்கேதான் பலனும் அதிகம் என்பது பல நிபுணர்களின் கருத்து.

வீட்டில் என்ன செய்யலாம்?

* 9-வது மாதத்தில் தொடங்கி 5 வயது வரை, அரசு இலவசமாகத் தரும் வைட்டமின் ஏ திரவத்தைத் தவறவிடாதீர்கள்.

* முருங்கைக்கீரை, அரைக்கீரை, பரங்கிக்காய், கேரட், பப்பாளி, மாம்பழம், முட்டை... இவற்றில் ஏதாவது ஒன்று குழந்தையின் தட்டில் அடிக்கடி இருக்கட்டும்.

* கீரையில் ஒரு ஸ்பூன் எண்ணெய் அல்லது நெய் அவசியம். கொழுப்பு இல்லாமல் இந்தச் சத்து உடம்பில் சேராது.

* நல்லதுதானே என்று வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மிகுந்தால் கல்லீரலைப் பாதிக்கும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வாரந்தோறும் சிறிய அளவில் கிடைத்த சத்துதான் திருச்சி கிராமங்களில் உயிர்களைக் காத்தது. முருங்கை மரம் உள்ள வீட்டில் அதற்குக் காசுகூடத் தேவையில்லை.