அடுப்படிக்குள் நுழையும் ஹராம்!



துறையூரை அடுத்துள்ள பச்சைமலை பலாவும் மரவள்ளியும் விளையும் பூமி. ஆனால் பத்திரிகைகளில் அதன் பெயர் அடிபடுவதோ 'சாராய ஊறல் அழிப்பு' என்ற செய்தியில்தான்! வெல்லமும் பட்டையும் அழுகிய பழமும் பேரலில் ஊறும். போலீசார் கொட்டி அழிப்பார்கள். சில மாதம் கழித்து வேறொரு ஓடையோரம் வேறொரு பேரல் முளைக்கும். இதற்காக மலைவாழ் மக்கள் அனைவரையும் குற்றவாளிகளாகப் பார்ப்பது பெரும் அநீதி. விளைந்ததற்கு உரிய விலையும் பிழைக்க வேறு வழியும் இல்லாத இடத்தில்தான் சாராயத் தரகன் நுழைகிறான்.

மலையை விட்டு வீட்டுக்கு வருவோம். 2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கால் டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. அந்தச் சில வாரங்களில் தமிழகத்தில் என்ன நடந்தது? செல்போனில் வீடியோ பார்த்து, சமையல் குக்கரில் சாராயம் காய்ச்சிப் பிடிபட்ட இளைஞர்களின் செய்திகள் பல மாவட்டங்களிலிருந்தும் வந்தன. அவர்கள் பரம்பரைச் சாராய வியாபாரிகளா? இல்லை. அன்றுதான் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர்கள். கடை திறந்த பிறகும் அந்தக் கல்வி செல்போனிலேயே இருக்கிறது. திராட்சையில் செய்யலாம், அன்னாசியில் செய்யலாம் என்று பாடம் நடத்த ஆள் இருக்கிறது.

கற்கப் போகும் தம்பி மூன்று சமாதானம் சொல்லிக் கொள்கிறான்.

முதலாவது, 'பழம்தானே!' பழம் ஹலால்தான், யார் மறுத்தது? பேரீச்சையிலிருந்தும் திராட்சையிலிருந்தும் மனிதன் போதையையும் எடுக்கிறான், நல்ல உணவையும் எடுக்கிறான் என்று திருக்குர்ஆன் (16:67) இரண்டையும் தனித்தனியே சொல்லிக் காட்டுகிறது. பின்னர் 5:90 வசனத்தில் மதுவை ஷைத்தானின் அசுத்தச் செயல் என்று கூறி முற்றாக விலக்கச் சொல்கிறது. திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை என எதிலிருந்து எடுத்தாலும் அறிவை மறைப்பது மதுவே என்று உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கினார்கள். எந்தப் பழம் என்பதல்ல கேள்வி, அது அறிவை என்ன செய்கிறது என்பதே!

இரண்டாவது, 'எனக்காகத்தானே, விற்கவில்லையே!' நபி (ஸல்) அவர்கள் மது விஷயத்தில் சபித்த பத்துப் பேரில் குடிப்பவர் மட்டுமா இருக்கிறார்? பிழிபவரும் இருக்கிறார், பிழியச் சொல்பவரும் இருக்கிறார். நாட்டின் சட்டமும் இதை மன்னிப்பதில்லை. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றி வீட்டில் காய்ச்சுவதும் குற்றமே. 'சொந்த உபயோகம்' என்ற சமாதானம் காவல் நிலையத்தில் செல்லாது.

மூன்றாவது, 'நானே காய்ச்சினால் கலப்படமில்லை!' இதுதான் உயிரைக் குடிக்கும் நம்பிக்கை. பழத்தில் உள்ள பெக்டின் சிதையும்போது மெத்தனால் உண்டாகிறது. அது 65 டிகிரி அளவிலும், போதை தரும் எத்தனால் 78 டிகிரி அளவிலும் கொதிக்கும். ஆகவே முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் விஷம் போய்விடும் என்று சொல்லித் தருகிறார்கள். ஆனால் கலவையில் இரண்டும் அப்படிச் சுத்தமாகப் பிரிவதில்லை. போதாக்குறைக்கு, எளிதில் தீப்பற்றும் ஆவி அடுப்புக்குப் பக்கத்திலேயே சூழ்கிறது. மனைவி மக்கள் உறங்கும் வீட்டில் இந்த விளையாட்டா?

மெத்தனால் என்ன செய்யும் என்பதைத் தமிழகம் கண்ணால் கண்டது. அது உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிக்கும், உயிரையும் பறிக்கும். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அதைச் சுற்றியும் 65-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவை பழத்தில் தானாக ஊறிய மெத்தனாலால் வந்தவையல்ல. ஆலை உபயோகத்துக்கான மெத்தனால் கலந்த சாராயத்தால் வந்தவை. ஆனால் குடிக்கும் ஏழைக்குத் தம்ளரில் இருப்பது என்னவென்று எப்படித் தெரியும்?

ஆட்சியாளர்களையும் ஒன்று கேட்கிறோம். 'கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும்' என்று காலமெல்லாம் சொன்னீர்களே, மரக்காணத்திலும் கள்ளக்குறிச்சியிலும் மக்கள் செத்தபோது டாஸ்மாக் கடைகள் திறந்துதானே இருந்தன? 2003-இல் சில்லறை மது விற்பனையை அரசே கையில் எடுத்தது. ஆட்சிகள் மாறின, காட்சி மாறவில்லை! மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 47-ஆம் பிரிவு சொல்வது ஏட்டுச் சுரைக்காயா?

அதே நேரத்தில் நேர்மையாக இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டம் மட்டும் போதாது. 2016 முதல் மதுவிலக்கு உள்ள பீகாரில்கூட, 2022 டிசம்பரில் சாரன் மாவட்டத்தில் விஷச் சாராயம் ஏராளமான உயிர்களைக் காவு கொண்டது. கடையை அரசு மூடலாம். அடுப்படியை யார் மூடுவது?

மதீனாவைப் பாருங்கள்! மது அங்கே வீட்டுக்கு வீடு ஊறிக் கொண்டிருந்தது. அபூதல்ஹா (ரலி) வீட்டில் கூடியிருந்தவர்களுக்கு இளைஞர் அனஸ் (ரலி) பேரீச்சை மதுவை ஊற்றிக் கொடுத்துக் கொண்டிருந்தார். மது தடை செய்யப்பட்டது என்று வீதியில் அறிவிப்பாளர் குரல் கேட்டது. சோதனை போட ஒரு காவலரும் வரவில்லை. வீட்டுக்காரரே கொட்டச் சொன்னார், மதீனாவின் வீதிகளில் மது ஓடியது. வீடுகள் தாமாகவே கொட்டியதால்தான் அந்த மதுவிலக்கு வென்றது!

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளே, உலமாப் பெருமக்களே! வருகிற ஜும்ஆக்களில் ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். 'நம் பிள்ளைகள் அப்படியில்லை' என்று கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். பழக்கத்தில் விழுந்தவனை ஊர் விலக்கம் செய்து விரட்டாதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். பைத்துல்மால் அவன் குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கட்டும். குடித்த எவருக்கேனும் வாந்தியோ வயிற்று வலியோ பார்வை மங்கலோ கண்டால், எந்தச் சமுதாயத்தவராயினும் மானம் பார்த்து ஒளிக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். மெத்தனால் விஷத்துக்கு மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு. தாமதம்தான் கொல்கிறது.

பெற்றோர்களே! பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுத்தவர்கள் நீங்கள். அவன் அதில் என்ன கற்கிறான் என்று இன்றிரவே பக்கத்தில் அமர்ந்து பேசுங்கள். கடைகளை மூட அரசிடம் போராடுவோம், இன்ஷா அல்லாஹ். நம் அடுப்படியை மூட யாரிடமும் மனுக் கொடுக்கத் தேவையில்லை!