பெட்டி சிறுத்தாலும் சத்தம் போகாது

எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறவர்களுக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் மேல் ஒரு தனிக் காதல் உண்டு. எனக்கும் உண்டு. ஆனாலும் சொல்கிறேன் மக்களே, ஊரை விட்டு வந்து ஃப்ளாட்டில் குடியிருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அது வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடிகிற சின்னப் பெட்டி போதும். "போதும்" என்றுகூடச் சொல்ல மாட்டேன், அதுதான் நமக்கு நல்லது.

கிடார் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எலெக்ட்ரிக் கிடாருக்கு உடம்பு கட்டை, உள்ளே குடம் கிடையாது. தனியாக மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. ஆம்ப்தான் பாதி வாத்தியம். ஆகவே ஆம்பை எங்கே வைக்க முடியுமோ அங்கேதான் பாட்டு.

என்னிடம் இருந்தது 40 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், 18 கிலோ. திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடை, கல்யாண மண்டபம் என்று மெல்லிசைக் குழுவில் வாசித்த காலத்தில் வாங்கியது. அங்கே டிரம்ஸ் இருக்கும், கீபோர்டு இருக்கும், ஜெனரேட்டர் சத்தமும் இருக்கும். அதற்கெல்லாம் ஈடு கொடுத்தது. வாங்கினதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் சயானில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஒரு பெட்ரூம் வீடு. அதில் 18 கிலோ பெட்டி என்பது வீட்டுக்கு வந்து திரும்பிப் போகாத விருந்தாளி மாதிரி. தங்கமணி அதன் மேல் இஸ்திரிப் பெட்டி வைக்க ஆரம்பித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது :-)

சரி, இந்தப் பெட்டிகள் ஏன் இவ்வளவு பெரிதாயின? 1965 ஆகஸ்டில் பீட்டில்ஸ் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் வாசித்தார்கள். கூட்டம் 55,000க்கு மேல். அந்தப் பயணத்துக்கென்றே வாக்ஸ் கம்பெனி 100 வாட் ஆம்ப் செய்து கொடுத்தது. அப்படியும் ரசிகர்கள் போட்ட கூச்சலில் பாட்டு அமுங்கிப் போனது. அந்தக் காலத்தில் மேடைக்கான பொது ஒலிபெருக்கி பாடகர் குரலுக்கே திணறும். கிடாரின் சத்தம் பெரும்பாலும் கிடார்காரரின் பெட்டியிலிருந்தே கூட்டத்தைப் போய்ச் சேர வேண்டும். மார்ஷல் கம்பெனியின் 100 வாட் அடுக்குகளும் அதே 1960களின் நடுவில், அதே தேவைக்காக வந்தவைதான். இன்றைக்கு எந்த மேடையிலும் ஆம்ப் முன்னால் ஒரு மைக் வைத்துவிடுகிறார்கள், அல்லது நேராக மிக்ஸருக்கு வயர் இழுத்துவிடுகிறார்கள். 2,700 பேருக்கு மேல் உட்காரும் நம்ம சண்முகானந்தா ஹாலில்கூடக் கடைசி வரிசைக்குச் சத்தம் கொண்டுபோவது ஹாலின் ஒலிபெருக்கி. பெரிய பெட்டி பிறந்த காரணம் போய்விட்டது, பெட்டி மட்டும் நம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று, வாட் கணக்கு. 40 வாட் என்பது 4 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தம் என்று நினைக்கிறோம். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. மின்சக்தி பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும், நம் காதுக்கு அது சுமார் இரண்டு மடங்காகத் தெரியும். அவ்வளவுதான். பெரும்பாலான 12 அங்குல கிடார் ஸ்பீக்கர்களுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபலைத் தாண்டிவிடும். ஒலி மாசு விதிகள் (2000ஆம் வருடத்தவை) குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். மருத்துவமனை போன்ற அமைதி மண்டலங்களுக்கு 50, 40. சயானில் அவ்வளவு பெரிய மாநகராட்சி மருத்துவமனையை வைத்துக்கொண்டு நாம் 40 வாட்டை வைத்து என்ன செய்யப்போகிறோம்? பெரிய ஆம்பை ஒன்றாம் நம்பருக்கு மேல் திருப்பவே முடியாது. ஒன்றில் வைத்தால் பலவற்றில் நாதமே வராது, கம்பளிக்குள் வைத்து வாசிக்கிற மாதிரி இருக்கும். சின்னப் பெட்டியோ தாராளமாகப் பாதி வரை திருப்பலாம், அது அங்கேதான் நன்றாகப் பேசும்.

நான் இப்போது வைத்திருப்பது ரோலண்ட் மைக்ரோ க்யூப் ஜிஎக்ஸ். 3 வாட், 5 அங்குல ஸ்பீக்கர், 2.7 கிலோ. ஆறு சின்ன பேட்டரியில் ஓடும். பழைய பெட்டியின் எடையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இதைப் பார்த்ததும் தாராவியில் இருக்கிற என் டிரம்மர் நண்பர் (நம்ம ஊர்க்காரர்தான்) சொன்னது: "ஏல, இதுல பாட்டு கேக்குமாலே? கொசு கத்துத மாதிரிலா இருக்கும்!"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். கிடாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ். அந்த அடி நாதத்தை 5 அங்குல ஸ்பீக்கர் முழுசாகக் கொடுக்காது. பெரிய ஸ்பீக்கர் முன் நின்று மீட்டும்போது பேண்ட் துணி அதிருமே, அந்த சுகம் போய்விடும். டிரம்ஸ் பக்கத்தில் வைத்தால் சின்னப் பெட்டி காணாமல் போகும். வாரா வாரம் குழுவோடு வாசிப்பவர் பெரியதை விற்கக் கூடாது. நான் பேசுவது நம்மைப் பற்றி, ஆபீஸ் விட்டு எட்டு மணிக்கு வீடு வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் கிடைக்கிறவர்களைப் பற்றி.

சின்னது என்றால் மட்டம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். எரிக் கிளாப்டன் 1970ல் 'லேலா' ஆல்பத்துக்கு வாசித்தது பெரும்பாலும் ஃபெண்டர் சாம்ப் என்கிற குட்டி ஆம்பில்தான். அவ்வளவு தூரம் போவானேன், நம் கர்நாடக சங்கீதக்காரர்களைப் பாருங்கள். ஆள் உயரத் தம்பூராவை ரயிலில் ஏற்றி இறக்குவது எத்தனை பெரிய பாடு. எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வந்ததும் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தம்பூராவின் சுநாதம் அதில் வராது என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதனால்தான் மாட்டுங்காவில் இருக்கிற குழந்தையும் நியூஜெர்சியில் இருக்கிற குழந்தையும் தினமும் சுருதியோடு பாடுகிறார்கள். நாதம் கொஞ்சம் குறைந்தது, பயிற்சி நிற்கவில்லை. புலம்பெயர்ந்தவர்களுக்கு இந்த பேரம் லாபம்தான் என்பது என் கட்சி.

"அப்போ ஹெட்போன் போதுமே, பெட்டியே எதற்கு?" என்று கேட்பீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் நானும் ஹெட்போன்தான். ஆனால் எந்நேரமும் ஹெட்போனில் வாசித்தால் பக்கத்து வீட்டு மாமிக்கு நிம்மதி, என் வீட்டுக்கு ஊமைப்படம். அப்பா தலையாட்டிக்கொண்டு என்னமோ செய்கிறார் என்றுதான் பெண்ணுக்குத் தெரியும். சின்னப் பெட்டி சமையலறை மேடைக்குப் போன பிறகு, பாட்டு வகுப்பே போகாத என் பெண் நான் வாசிப்பதற்கு மேலே முனக ஆரம்பித்திருக்கிறாள். வீட்டுக்குள் காற்றில் கேட்காத சங்கீதம் அடுத்த தலைமுறைக்கு ஒட்டாது. தமிழ் பேசுவது மாதிரிதான் இதுவும்.

போன லீவுக்கு தாதர் திருநெல்வேலி எக்ஸ்பிரஸில் இதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு போனேன். ஊரில் கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம் திண்ணையில் வாசித்தேன். அப்பாவுக்கு 78 வயது, காது மந்தம். பெட்டியைத் தூக்கி அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். 1982ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக் கிடாரை மெதுவாக வாசித்தேன். முடித்ததும், "நீ மும்பைக்குப் போன பிறகு இதை விட்டுட்டேன்னுல்ல நினைச்சேன்" என்றார். வருடா வருடம் ஊருக்குப் போகிறேன், பெட்டியின் பாரத்துக்காகக் கிடாரை இங்கேயே விட்டுவிட்டுப் போவது வழக்கம். பாரம் குறைந்தால் என்ன கிடைக்கிறது என்பதற்கு வேறு கணக்கு எனக்குத் தெரியவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்:

1. கடைக்கு உங்கள் கிடாரையே எடுத்துப் போங்கள். சத்தத்தைக் கடைசிப் படிக்கு இறக்கி, அந்த நிலையில் நாதம் பிடிக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வீட்டில் வாசிக்கப்போவது அப்படித்தான்.
2. ஹெட்போன் துளையும், மிக்ஸருக்கு இணைக்கிற வழியும் அவசியம். மேடைக்கு அழைத்தால் அதுவே கைகொடுக்கும்.
3. பேட்டரி உண்டா என்று பாருங்கள். சார்ஜ் ஏற்றுகிற பேட்டரியாக இருந்தால் செலவு குறையும்.
4. தூக்கிக்கொண்டு கடையைச் சுற்றி நடங்கள். சயான் ஸ்டேஷன் படிக்கட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெட்டியை விற்கவில்லை. தாராவி டிரம்மர் நண்பரின் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே டிரம்ஸ் இருக்கிறது, தூக்க நாலு பையன்கள் இருக்கிறார்கள், பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மேடை இருக்கிறது. 40 வாட்டுக்கு அதுதான் சரியான வீடு. உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் வீணையோ, ஆர்மோனியமோ, பெரிய கீபோர்டோ தூங்கிக்கொண்டிருந்தால் யோசியுங்கள். அதை வாசிக்க யாராவது இருப்பார்கள். நீங்கள் வாசிக்க, உங்களோடு வரக்கூடியதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: இஸ்திரிப் பெட்டிக்கு இப்போது வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். தங்கமணிக்கு அந்த வருத்தம் மட்டும் இன்னும் தீரவில்லை :-)