பறைக்கு மேடை கிடைத்தது, அடிப்பவருக்கு?

கோபமும் அழுகையும் நிறைந்த பாட்டுத் தொகுப்பு ஒன்று. அதற்கு வைத்த பெயரோ "மகிழ்ச்சி"!

2018-ம் ஆண்டு வெளிவந்தது இது. பாடியவர்கள், "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்ற குழுவினர். சாதியற்றவர்களின் கூட்டு என்பது இதன் பொருள். ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களைச் சாதியற்ற தமிழர் என்றே சொல்லிக்கொள்ள வேண்டும் என்றவர், 1914-ல் மறைந்த அயோத்திதாசப் பண்டிதர். அவர் சொல்லே குழுவின் பெயராயிற்று.

யார் இவர்கள்?

சினிமா இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து இந்தக் குழுவை உருவாக்கினார்கள். மொத்தம் 19 பேர். அவர்களில் ஒரே பெண், கானா பாடகி இசைவாணி. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 6-1-2018 அன்று முதல் மேடை ஏறினார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள்.

ஒரு பக்கம் கிதார், டிரம்ஸ். மறு பக்கம் பறை, சட்டி. நடுவே சாவு வீட்டில் பிறந்த கானா. "ராக்" என்னும் மேல்நாட்டு இசையோடு இவை எப்படிச் சேர்ந்தன? அதில் வியப்பு இல்லை. ராக் இசைக்கு வேர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டுதான். அடிமைப்பட்டவரின் அழுகை எந்த நாட்டிலும் ஒன்றே.

"பாட்டு என்றால் காதுக்கு இனிமையாக இருக்க வேண்டாமா? அதில் சாதிப் பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால் மதுரைச் சீமையைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

மதுரையில் நடந்தவை

இங்கே பறை ஒலிக்காத ஊர் உண்டா? தோலை நெருப்பில் காய்ச்சி, நெஞ்சோடு அணைத்து, இரண்டு குச்சிகளால் அடித்தால், கேட்டவர் கால் தானே ஆடும். திருவிழாவுக்குப் பறை வேண்டும். சாவுக்கும் பறை வேண்டும். ஆனால் அடித்தவர் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்றார்கள்! ஒலி உள்ளே வரலாம், ஆள் வரக்கூடாதாம். இது என்ன நீதி?

1939-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, வைத்தியநாத அய்யர், கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் சென்றார். கோவில் கதவு திறந்தது. மனக்கதவு திறந்ததா? 1997-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி, மேலூரை அடுத்த மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் மேலும் 5 பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தாழ்த்தப்பட்டவர் தலைவர் நாற்காலியில் அமர்ந்ததே அவர் செய்த "குற்றம்".

இத்தனையும் நடந்த மண்ணில், பாட்டு மட்டும் எப்படிச் சாதியைப் பேசாமல் இருக்கும்? காயம் பட்டவன் கத்தத்தான் செய்வான். "மெதுவாகக் கத்து" என்று சொல்வது முறையல்ல. மருந்து போடுவதே முறை.

ஆகவே, அந்தப் பெயரும் பொருத்தமே. அடக்கி வைத்ததை ஆயிரம் பேர் முன்னால் சொல்லிவிட்டால், நெஞ்சுப் பாரம் இறங்குகிறது. அதுவும் ஒரு மகிழ்ச்சிதான்.

செய்ய வேண்டியது

காலம் மாறி வருகிறது. 2025-ம் ஆண்டு, மதுரை அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறைக்கு நாட்டின் மரியாதை கிடைத்தது. நல்ல செய்தி!

விருது ஒருவருக்கு. மரியாதை எல்லோருக்கும் வேண்டும். அதற்கு அரசாங்க உத்தரவு தேவையில்லை. ஊர்த் திருவிழாவில் பறை அடிப்பவருக்குப் பேசிய கூலியைக் குறையாமல் கொடுக்கலாம். "வாங்க, உட்காருங்க" என்று பந்தியில் பக்கத்தில் இடம் போடலாம். அவர் பிள்ளையும் தன் பிள்ளையும் ஒன்றாகப் படிப்பதைப் பார்த்துப் பெருமைப்படலாம்.

சென்னைத் தெருப் பேச்சு பாட்டாகிவிட்டது. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வயல் வேலை செய்யும் பெண்களின் நெஞ்சில் இன்னும் எத்தனையோ ஒப்பாரிகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு, பதிவு செய்து, மேடை ஏற்றுவது மதுரை இளைஞர்களின் கடமை.

பறையை ரசித்த காது, அதை அடிப்பவரின் சொல்லையும் கேட்கட்டும். அன்றுதான் எல்லோருக்கும் மகிழ்ச்சி!