காசு கொடுத்து வாசகர் எழுதும் பக்கம்

ஒரு பத்திரிகையின் வாசகர் எப்படிப்பட்டவர் என்று அறிய விரும்புவோர் தலையங்கத்தைத்தான் முதலில் படிக்கிறார்கள். வாசகர் எப்படி இருக்க வேண்டும் என்று ஆசிரியபீடம் விரும்புகிறது என்பது மட்டுமே அதில் தெரியும். முதற்பக்கமோ அரசுக்கும் அச்சத்துக்கும் போட்டிப் பத்திரிகைக்கும் கட்டுப்பட்டது. வாசகர் தம் காசைக் கொடுத்துத் தம்மைப் பற்றித் தாமே எழுதும் இடம் வேறு. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் அது மரண அறிவித்தல் பக்கம். 1930இல் கொழும்பில் தொடங்கிய வீரகேசரியானாலும் 1985இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய உதயனானாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்புக் கணவர், இன்னின்னாரின் பாசமிகு தந்தை. பிள்ளைகளின் பெயரை ஒட்டி கனடா, சுவிஸ், நோர்வே என்று நாடுகள் வரும். மலாயாவில் எழுதுவினைஞராகவும் ரயில்வே ஊழியராகவும் இருந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள், அரச உத்தியோகத்துக்காகக் கொழும்பில் குடியேறியவர்கள், 1983 இனக்கலவரத்துக்குப் பின் கடல் கடந்தவர்கள் என்று யாழ்ப்பாணத்தின் இடப்பெயர்வு வரலாற்றை இந்த ஊர்ப்பெயர்களைக் கொண்டே எழுதிவிடலாம்.

இதெல்லாம் வெறும் வாய்பாடு, அறிவித்தலை எடுக்கும் ஊழியரே பாதியை நிரப்பிவிடுவார் என்று மறுக்கலாம். வாய்பாடு என்பதனால்தான் அது பயன்படுகிறது: எதைச் சொல்வது, எதை விடுவது என்ற பொது வழக்கம் அதில் தெரிகிறது. இருபத்தைந்து வருடம் ரொறன்ரோவில் வாழ்ந்தவரின் அறிவித்தலிலும் ‘ஓய்வுபெற்ற தபாலதிபர்’ போன்ற அடைமொழி பெரும்பாலும் தங்கிவிடும். அங்கே தொழிற்சாலையிலோ உணவகத்திலோ அவர் உழைத்த காலத்துக்கு ஒரு வரி கிடைப்பது அரிது. குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அந்த உழைப்பாக இருக்கலாம்; ஊருக்குக் காட்டத் தகுந்ததாகக் குடும்பம் கருதுவது பழைய அரச உத்தியோகத்தைத்தான். எது கௌரவம் என்பதில் இந்தச் சமூகம் இன்னும் மாறவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் வேண்டியதில்லை. காசு கொடுத்து எழுதும் இன்னொரு இடமான திருமண விளம்பரத்தில் சாதியையும் செவ்வாய் தோஷத்தையும் கூசாமல் அச்சிடும் அதே வாசகர், மேடையில் சாதி ஒழிந்துவிட்டது என்ற பேச்சுக்குக் கைதட்டுவதும் உண்டு.

வலுவான மறுப்பு இன்னொன்று. கட்டணம் செலுத்தக் கூடியவர்கள்தானே இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்? உண்மை. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மரணத்துக்குப் படத்தோடு கால் பக்கம் வாங்கப் பெரும்பாலும் யாரும் இல்லை. ஆகவே இது வாசகர் அனைவரின் கணக்கெடுப்பு அல்ல. பத்திரிகையைத் தம் ஊர்ச்சந்தியாகக் கருதும் வசதி யாருக்கு உண்டு என்பதைச் சொல்லும் பக்கம். ஆனால் இந்தப் பக்கத்தில் இடம்பெறாமைக்கெல்லாம் வறுமையே காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் ஏந்திய படங்கள் செய்திப் பக்கங்களில் வந்தன. மரணச் சான்றிதழ் தரலாம் என்று அரசு சொன்னபோதும் பலர் அதை வாங்க மறுத்தார்கள். பிள்ளை எங்கே என்று அரசு பதில் சொல்லாதவரை அந்தத் தாய்மார் மரண அறிவித்தல் கொடுக்கப்போவதில்லை.